வீட்டு விவரங்களுக்கு ஒரு கார்டு பெட்டி: கம்ப்யூட்டரில் ஒன்று, காகிதத்தில் ஒன்று

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் ஒரு மாதம் திருவிழாதான். போட்டோக்கள் ஏறும், பாட்டுக்கள் ஏறும், பிள்ளைகள் பள்ளிக்கூட பிராஜெக்ட்டைப் பிரிண்ட் எடுப்பார்கள். அதற்குப் பிறகு, "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இந்தக் கட்டுரை. செலவு எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் கேஸ் இணைப்பு எண் என்ன? சொத்து வரி கடைசியாகக் கட்டிய ரசீது எங்கே இருக்கிறது? வீட்டில் உள்ளவர்களின் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது? அம்மா காலையில் சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன? பால்காரருக்கு எந்தத் தேதி வரை பணம் கொடுத்தாகிவிட்டது?

எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தால் சபாஷ். ஆனால் பரீட்சை இன்னும் முடியவில்லை. இதே ஐந்து கேள்விகளையும் வீட்டில் இன்னொருவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் முதல் மூன்று கேள்விக்குக் கணவருக்கு மட்டும் பதில் தெரியும். கடைசி இரண்டுக்கு மனைவிக்கு மட்டும் தெரியும். பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

ஒருவர் தலையில் மட்டும் இருந்தால்...

நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் ஒரு எச்சரிக்கை அடிக்கடி சொல்லப்படும். ஒரு புரோகிராமைப் பற்றி ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்தப் புரோகிராம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அவர் லீவில் போனால் வேலை நின்றுவிடும். எனவே எல்லாவற்றையும் எழுதி, பொது இடத்தில் வைக்கச் சொல்வார்கள். அலுவலகத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வீட்டில் அப்படி இருப்பதில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு அபாரமான நினைவாற்றல். எந்த வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறார், எப்போது முதிர்வடைகிறது என்பதை விரல் நுனியில் வைத்திருப்பார். எதையும் எழுதி வைத்ததில்லை. அவர் இறந்த பிறகு பெரியம்மாவுக்கு எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. ஒரு டெபாசிட் ரசீது, இரண்டு வருடம் கழித்து, பழைய பஞ்சாங்கம் ஒன்றின் நடுவிலிருந்து கிடைத்தது. நாமினி பெயர் போடாத கணக்கு என்பதால் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று பெரியம்மா அலைந்தது தனிக் கதை. அந்தப் பணம் அவருக்கு மிகவும் தேவைப்பட்ட இரண்டு வருடங்கள் அவை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத வங்கிக் கணக்கில் உள்ள பணம், 2014-ல் ஏற்படுத்தப்பட்ட ஒரு நிதிக்கு, அதாவது ரிசர்வ் வங்கியிடம் போய்ச் சேருகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படி மாற்றிய தொகை 35,000 கோடி ரூபாய்க்கு மேல். இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தையே தொடங்க வேண்டியிருந்தது. தேடினால் கிடைக்கும் என்பது நல்ல விஷயம்தான். தேட வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

கார்டு பெட்டியின் கதை

பெரிய நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் என்ன? எழுதலாம். ஆனால் நோட்டில் வரிசை மாற்ற முடியாது. நடுவில் ஒரு பக்கம் சேர்க்க முடியாது. பழைய விவரத்தை அடித்து அடித்து எழுதினால் எது சரி என்று தெரியாது. கார்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு விஷயத்துக்கு ஒரு கார்டு. மாறினால் அந்த ஒரு கார்டைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம்.

இந்த வசதியை நூலகங்கள் முதலில் புரிந்துகொண்டன. மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல் நூலகச் சாமான்களுக்காக ஒரு நிறுவனத்தையே தொடங்கினார். கார்டுகளும் அவற்றுக்கான இழுப்பறைகளும் அதன் முக்கியமான சரக்கு. நம் ஊரில் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று, தேடி வருபவரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைப் பற்றியது. வீட்டுக்கும் அது பொருந்தும்.

நூலகத்திலிருந்த கார்டு சமையலறைக்கும் வந்தது. அமெரிக்காவில் பாம் யங், பெகி ஜோன்ஸ் என்ற சகோதரிகள் 1977-ல் தங்கள் வீட்டு வேலைகளை 3 அங்குலம் அகலம், 5 அங்குலம் நீளம் உள்ள கார்டுகளில் எழுதினார்கள். தினமும் செய்வது, வாரம் ஒருமுறை செய்வது, மாதம் ஒருமுறை செய்வது என்று நிறம் பிரித்து வைத்தார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கார்டை அடுத்து செய்ய வேண்டிய தேதிக்குப் பின்னால் நகர்த்தி வைப்பார்கள். 1981-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். கார்டை நகர்த்தும் இந்த ஒரு தந்திரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நாமும் அதைப் பயன்படுத்தப் போகிறோம்.

கம்ப்யூட்டரும் கார்டை விட்டுவிடவில்லை. 1985-ல் வெளிவந்த முதல் விண்டோஸ் தொகுப்பிலேயே 'கார்டுபைல்' என்ற சிறிய புரோகிராம் இருந்தது. விண்டோஸ் 3.1 வரை அது கூடவே வந்தது. இன்று அது இல்லை. அதைவிட நல்ல கருவி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது: ஸ்பிரெட்ஷீட்.

கம்ப்யூட்டரில் கார்டு பெட்டி

உங்களிடம் எம்.எஸ்.எக்செல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். அதில் உள்ள 'கால்க்' புரோகிராம் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

திறந்ததும் கட்டம் கட்டமாகத் தெரியும். இங்கே ஒரு வரிசைதான் ஒரு கார்டு. முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை இடமிருந்து வலமாக டைப் செய்யுங்கள்:

1. பிரிவு
2. பெயர்
3. எண்
4. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை
5. கடைசியாகச் செய்த தேதி
6. அடுத்த தேதி
7. மீதி நாட்கள்
8. காகிதம் எங்கே
9. யார் பொறுப்பு
10. குறிப்பு

இனி ஒவ்வொரு விஷயமாகக் கீழே நிரப்புங்கள். உதாரணத்துக்கு ஒரு கார்டு. பிரிவு: வீடு. பெயர்: சொத்து வரி. எண்: ரசீதில் உள்ள வரி விதிப்பு எண். எத்தனை மாதம்: 6. காகிதம் எங்கே: பீரோ, நீல பைல். யார் பொறுப்பு: அப்பா. குறிப்பு: ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் சலுகை. (தமிழ்நாட்டு நகரங்களில் இப்படி அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டுபவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.) பார்த்தீர்களா, கார்டு ஞாபகப்படுத்துவதோடு நில்லாமல் பணத்தையும் மிச்சப்படுத்துகிறது!

தேதியைக் கம்ப்யூட்டரே கணக்குப் போடட்டும்

ஆறாவது, ஏழாவது பத்திகளை நீங்கள் டைப் செய்ய வேண்டாம். 'அடுத்த தேதி' கட்டத்தில் கர்சரை வையுங்கள். சமம் குறியைப் போட்டு, 'ஈடேட்' என்ற பங்ஷன் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள் (எழுத்துக்கள்: இ, டி, ஏ, டி, இ). அடைப்புக்குறியைத் திறந்து, அதே வரிசையில் 'கடைசியாகச் செய்த தேதி' கட்டத்தை மவுஸால் க்ளிக் செய்யுங்கள். ஒரு கமா போடுங்கள். பிறகு 'எத்தனை மாதம்' கட்டத்தைக் க்ளிக் செய்து, அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டுங்கள்.

தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் ஒன்று தெரிந்தால் பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் நாட்களை எண்களாகத்தான் வைத்துக்கொள்கிறது. எக்செல், 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கட்டத்தில் ரைட் க்ளிக் செய்து, 'பார்மட் செல்ஸ்' தேர்ந்தெடுத்து, 'டேட்' என்று மாற்றிவிட்டால் தேதியாகத் தெரியும்.

'மீதி நாட்கள்' கட்டத்தில் சமம் குறி போட்டு, 'அடுத்த தேதி' கட்டத்தைக் க்ளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, 'டுடே' (டி, ஓ, டி, ஏ, ஒய்) என்று டைப் செய்து, ஒரு அடைப்புக்குறியைத் திறந்து உடனே மூடி என்டர் தட்டுங்கள். இன்றைய தேதியை வைத்து மீதி நாட்கள் வந்துவிடும். இங்கே எண்ணுக்குப் பதில் தேதி தெரிந்தால் 'பார்மட் செல்ஸ்' போய் 'ஜெனரல்' என்று மாற்றுங்கள். பைலைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கு தானாகப் புதுப்பிக்கப்படும்.

இந்த இரண்டு கட்டங்களையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா போய்விடும். தேதியே இல்லாத கார்டுகளுக்கு (உதாரணம்: பிளம்பரின் போன் நம்பர்) இதை அழித்துவிடுங்கள்.

கடைசியாக வண்ணம். 'மீதி நாட்கள்' பத்தியில் எண் உள்ள கட்டங்களைச் செலக்ட் செய்யுங்கள். எக்செலில் 'ஹோம்' பட்டையில் 'கண்டிஷனல் பார்மட்டிங்', அதில் 'ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்', அதில் 'லெஸ் தேன்' தேர்ந்தெடுத்து 15 என்று கொடுங்கள். கால்க் பயன்படுத்துபவர்கள் 'பார்மட்' மெனுவில் 'கண்டிஷனல்' போகவும். இனி 15 நாட்களுக்குள் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் சிவப்பாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் 'கடைசியாகச் செய்த தேதி'யை மட்டும் மாற்றுங்கள். அடுத்த தேதி தானாகத் தள்ளிப் போகும். அந்தச் சகோதரிகள் கையால் கார்டை நகர்த்தியதைத்தான் இங்கே பார்முலா செய்கிறது.

கவனிக்க வேண்டிய இரண்டு பொறிகள்

முதலாவது, நீண்ட எண்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். கேஸ் இணைப்பு எண் 17 இலக்கம். அப்படியே டைப் செய்தால் கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்களில் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். எனவே டைப் செய்வதற்கு முன்பே 'எண்' பத்தி முழுவதையும் செலக்ட் செய்து, 'பார்மட் செல்ஸ்' போய் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, தேதி. சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கும். ஆகஸ்டு 5 என்று நினைத்து 5/8 டைப் செய்தால், அது மே 8 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தை எண்ணில் எழுதாமல் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துக்களால் எழுதுங்கள். குழப்பம் வராது.

என்னென்ன கார்டுகள்?

ஒரே நாளில் நூறு கார்டு எழுத உட்கார்ந்தால் அலுத்துவிடும். கீழே உள்ளவற்றில் பத்து கார்டுகளோடு ஆரம்பியுங்கள்.

அவசரம்: ஆம்புலன்ஸ் 108. எல்லா அவசரத்துக்கும் 112. கேஸ் கசிவு 1906. பணத்தை ஆன்லைனில் ஏமாற்றி எடுத்துவிட்டால் 1930. மின்சாரப் புகாருக்கு 'மின்னகம்' 94987 94987. இதோடு குடும்ப டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், எலக்ட்ரீஷியன்.

உடல்நலம்: வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. ரத்த வகை, தினசரி மாத்திரையின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, காப்பீட்டு பாலிசி எண். நடு இரவில் பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, டூட்டி டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.

குழந்தை: தடுப்பூசித் தேதிகள். பிறந்தவுடன், பின்னர் 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள், 5 முதல் 6 வயதுக்குள் என்று அரசு அட்டவணை போகிறது. வாரக் கணக்கு என்பதால் இங்கே பார்முலா வேண்டாம். தேதியை நேராக எழுதுங்கள்.

வீடு: மின் இணைப்பு எண், சொத்து வரி, குடிநீர் வரி. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்ட வேண்டும். கேஸ் அடுப்பின் ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்கும் ஒரு கார்டு. எத்தனை மாதம் என்ற இடத்தில் 60 போடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலையை யாராலும் மனதில் வைத்திருக்க முடியாது.

காப்பீடு, வங்கி: பாலிசி எண், பிரீமியம் தேதி, நாமினி பெயர். ஆயுள் காப்பீட்டில் ஆண்டு, அரையாண்டு, காலாண்டு பிரீமியத்துக்குத் தேதி தாண்டினாலும் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள்தான். வண்டி இன்ஷூரன்ஸ் முடிந்த மறுநாள் விபத்து நடந்தால் பாதுகாப்பு கிடையாது. வங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். 'நாமினி' என்ற இடம் காலியாக இருக்கும் கார்டு ஒவ்வொன்றும், நீங்கள் உடனே வங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கார்டு.

காகிதப் பெட்டியும் வேண்டும்

"கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே, காகிதம் எதற்கு?" என்று கேட்கலாம். கரண்ட் போன இரவில், கம்ப்யூட்டர் தெரியாத பாட்டி தனியாக இருக்கும்போது, உங்கள் ஸ்பிரெட்ஷீட்டால் என்ன பயன்? ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனாலும் அதே கதைதான். தேதிக் கணக்கும் தேடலும் கம்ப்யூட்டருக்கு எளிது. யாரும் எடுத்துப் படிக்கலாம் என்பது காகிதத்தின் பலம். இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

ஏ4 தாள் ஒன்றை நான்காக வெட்டினால் அழகான கார்டு அளவு கிடைக்கும். கொஞ்சம் தடித்த தாளாக இருந்தால் நல்லது. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையைத் தடுப்பாக வைக்கலாம். பெட்டியின் முன்பாதியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 தடுப்புகள். பின்பாதியில் அவசரம், உடல்நலம், வீடு, காப்பீடு என்று பிரிவுகள். தேதி உள்ள கார்டு எந்த மாதம் செய்ய வேண்டுமோ அந்த மாதத்தில் இருக்கும். செய்து முடித்ததும் அடுத்த மாதத்துக்கு நகரும். மற்றவை பின்னால் நிற்கும்.

கார்டைக் கையால் எழுதினாலும் சரி, பிரிண்ட் எடுத்தாலும் சரி. எழுத்து பெரியதாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிய வேண்டும்.

ரகசியம் காப்போம்

கார்டு பெட்டி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம். வீட்டுக்கு வருபவர்கள் கண்ணிலும் படலாம். எனவே ஏ.டி.எம். ரகசிய எண், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம், இவற்றைக் காகிதத்திலோ ஸ்பிரெட்ஷீட்டிலோ எழுதவே கூடாது. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். முழு எண் எந்த பைலில் இருக்கிறது என்பதை 'காகிதம் எங்கே' சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரில் உள்ள பைலுக்குப் பாஸ்வேர்டு போடலாம். எக்செலில் 'பைல்' மெனுவில் 'இன்போ', அதில் 'புரொடெக்ட் ஒர்க்புக்', அதில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு'. கால்க் என்றால் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது 'சேவ் வித் பாஸ்வேர்டு' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இந்தப் பாஸ்வேர்டு மறந்தால் பைலைத் திறக்க வழியில்லை. எனவே வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் பெரியப்பா வீட்டுக் கதைதான் மறுபடியும்.

மாதம் ஒருமுறை பைலைப் பென் டிரைவில் காப்பி செய்து, கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் அல்லாமல் பீரோவில் வையுங்கள்.

போனும் கை கொடுக்கும்

ஸ்பிரெட்ஷீட்டுக்கு ஒரு குறை உண்டு. நீங்கள் திறந்து பார்த்தால்தான் அது பேசும். தவறவே கூடாத நான்கைந்து தேதிகளை மட்டும் (இன்ஷூரன்ஸ், பிரீமியம், தடுப்பூசி) போனில் உள்ள காலண்டரிலும் பதிவு செய்து, 'ரிப்பீட்' வசதியில் ஆண்டுக்கு ஒருமுறை என்று கொடுங்கள். பத்து நாள் முன்னதாக மணி அடிக்கும்படி வையுங்கள். எல்லாவற்றையும் போனில் போடாதீர்கள். தினம் பத்து முறை மணி அடித்தால், முக்கியமான மணியையும் அணைத்துவிட்டுப் போய்விடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

எந்த முறையும் பழக்கமானால்தான் நிலைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கும்போது பைலைத் திறந்து, 'மீதி நாட்கள்' பத்தியை வைத்து 'சார்ட்' செய்யுங்கள். குறைவான நாட்கள் உள்ளவை மேலே வரும். சிவப்பில் இருப்பவற்றை 'யார் பொறுப்பு' பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தவற்றுக்குத் தேதியை மாற்றுங்கள். அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். இந்த வேலையைக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரே உட்கார்ந்து முடித்துவிடாதீர்கள். ஒருவர் டைப் செய்யட்டும், மற்றவர்கள் விவரம் சொல்லட்டும். அம்மாவிடம் மாத்திரைப் பெயரையும், அப்பாவிடம் டெபாசிட் விவரத்தையும் நேராகக் கேட்க நம்மில் பலருக்குத் தயக்கம். "கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்ப வேண்டும்" என்று சொல்லிக் கேட்பது எளிது. அப்படி நிரம்பும் முதல் பத்து கார்டுகளை இந்த வாரமே எழுதிவிடுங்கள். அடுத்த ஞாயிறு, கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள ஐந்து கேள்விகளை வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் மனப்பாடமாக வராவிட்டாலும் பரவாயில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று கை காட்டினால் போதும்.